எண்ணிப் பார்க்காமல் இல்லையென்று எழுதாதீர்கள்

எங்கள் மாவட்டத்தின் சுகாதாரத் திட்டங்களைத் தீர்மானிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில், தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவிகளை, அதாவது நோயில்லாமல் அதன் பரம்பரையலகை ஒரு பக்கத்தால் மட்டும் பெற்றவர்களை, கண்டறியும் இரத்தப் பரிசோதனையைத் தொடங்குங்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்துக்கு உங்கள் பதில் கிடைத்தது. இரண்டே பந்தி. இந்த மாவட்டத்தில் பதிவான நோயாளர் மிகச் சிலர். நகரப் பாடசாலையொன்றில் நடந்த முகாமில் பரிசோதித்த 60 மாணவரில் ஒருவர்கூடக் காவியாக இனங்காணப்படவில்லை. ஆகையால் இங்கே இது முன்னுரிமைக்குரிய விடயமல்ல. இதுதான் அதன் சாரம்.

அந்தக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. 24 வருடமாக இந்த ஊரில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு குடித்தொகைக்குள் ஒரு பரம்பரை இயல்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று மதிப்பிடும் முறையை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். அதைவிட, தலசீமியாவோடு பிறந்த ஒரு பிள்ளைக்குப் பெரியம்மா. உங்கள் கடிதத்தில் இருக்கும் பிழை எனக்கு இரண்டு பக்கத்தாலும் தெரிகிறது.

பதிவான நோயாளர் சிலர்தான் என்கிறீர்கள். பதிவு எங்கே நடக்கிறது என்று பார்த்தீர்களா?

என் தங்கையின் மகனுக்கு இப்போது 13 வயது. பிறந்தது திருகோணமலையில். ஏழாம் மாதத்தில் பிள்ளை வெளுக்கத் தொடங்கினான். பால் குடிக்கும்போதே களைத்து நித்திரையாகிவிடுவான். இரும்புச்சத்துக் குறைவு என்று மூன்று மாதம் பாணி மருந்து கொடுத்தார்கள். வயிறு மட்டும் ஊதிக்கொண்டு வந்தது. கடைசியில் அநுராதபுரத்தில்தான் அது தலசீமியா என்று பெயர் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். விடிய நாலு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹொரவப்பொத்தானைப் பாதையால் பஸ்ஸில் போய் இரவு திரும்பி வருவதை ஒரு வருடம் செய்து பார்த்தார்கள். பிறகு முடியாமல் அங்கேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். இப்போது திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றைக்கும் இருப்பது அந்த வாடகை அறையின் விலாசம்தான். உங்கள் பட்டியலில் அவன் இல்லை. திருகோணமலையின் கணக்கிலேயே அவன் பிறக்கவில்லை.

அவனோடு ஒரே வாட்டில் குருதி ஏற்றும் பிள்ளைகளின் தாய்மாரோடு தங்கை கதைப்பாள். மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், கிண்ணியாவிலிருந்து ஒருவர், கந்தளாயிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம். எல்லோரும் தூர இடத்து ஆஸ்பத்திரியில் பதிந்தவர்கள். 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று 23 நிலையங்களில் 1774 நோயாளரைக் கணக்கெடுத்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருநாகல், அநுராதபுரம், ராகம ஆகிய மூன்றே நிலையங்களில் சிகிச்சை பெறுகிறவர்கள். அந்த எண்ணிக்கை சொல்வது சிகிச்சை எங்கே கிடைக்கிறது என்பதை. நோய் எந்த ஊரில் பிறக்கிறது என்பதை அதில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. நோயாளர் தொகை என்பது உயிரோடு இருப்பவர்களின் தொகை. வெருகல் பக்கத்தில் என் மாணவன் ஒருவனின் பாட்டியோடு ஒருநாள் கதைத்துக்கொண்டிருந்தேன். தங்கையின் மகனைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எனக்கும் மூண்டு பிள்ளை அப்பிடித்தான் மகள் போனது. வெளுத்து வெளுத்து, வயிறு ஊதி. கணை எண்டாங்க, காய்ச்சற்கட்டி எண்டாங்க. மூண்டும் மூண்டு வயசு காணேல்ல.” அந்த மூன்றும் தலசீமியாவா, மலேரியாவா என்று இன்றைக்கு யாராலும் சொல்லமுடியாது. நானும் சொல்லமாட்டேன். ஆனால் மலேரியாவும் சண்டையும் இடம்பெயர்வும் மாறிமாறி வந்த ஒரு மாவட்டத்தில், பெயர் வைக்கப்படாமலே எத்தனை பிள்ளைகள் போயிருக்கும் என்பதை உங்கள் பதிவேடு சொல்லாது. சிகிச்சை எட்டாத இடத்தில் பிள்ளை சீக்கிரம் சாகிறது. நோயாளர் தொகை குறைவாகத் தெரிகிறது. தொகை குறைவு என்று சொல்லிச் சிகிச்சையும் வராமல் போகிறது. இந்த வட்டத்தை உடைக்கவேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

இனி அந்த 60 பேர்.

உங்கள் கடிதம் வந்த கிழமை, ஒரு பரம்பரை இயல்பின் பரவலைக் கணக்கிடும் ஹாடி-வைன்பேர்க் பாடத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு செய்முறை செய்தோம். புளி கோதும் காலத்தில் அம்மா சேர்த்து வைத்த புளியங்கொட்டையில் 1000 எண்ணி எடுத்தேன். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல 20 கொட்டையைச் சீமெந்துப் படியில் தேய்த்து வெள்ளையாக்கினேன். எல்லாவற்றையும் ஒரு சீலைப்பைக்குள் போட்டுக் குலுக்கினோம். ஆக, பைக்குள் வெள்ளைக் கொட்டை சரியாக 2 வீதம்; அதில் சந்தேகமே இல்லை. 38 பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து பார்க்காமல் 60 கொட்டை எடுத்து, வெள்ளையை எண்ணிக் கொப்பியில் எழுதிவிட்டுத் திரும்பப் பைக்குள் போடவேண்டும்.

11 பேருக்கு ஒரு வெள்ளையும் வரவில்லை. ஒருத்திக்கு மட்டும் 4 வந்தது. ஒன்றும் வராத பையன் ஒருவன் தன் 60 கொட்டையையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டித் தேடினான். “டீச்சர், பைக்குள்ள 20 கிடக்கு எண்டு தெரியும். எண்டாலும் எனக்கு ஒண்டுமே வரேல்லையே” என்றான்.

அந்தப் பையன் கையில் கிடந்த பூச்சியமும் உங்கள் கடிதத்தில் உள்ள பூச்சியமும் ஒன்றுதான். நூற்றுக்கு 2 பேர் காவிகளாக இருக்கும் ஊரில் எழுந்தமானமாக 60 பேரை எடுத்தால், ஒருவரும் அகப்படாமல் போகும் நிகழ்தகவு 0.98ஐ 60 தடவை பெருக்க வருவது. அது ஏறத்தாழ 0.30. மூன்று முகாம் வைத்தால் அதில் ஒன்று வெறுங்கையோடு திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிபரம் படித்தவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: இத்தனை பேரில் ஒருவருமில்லை என்று வந்தால், 3ஐ அந்தத் தொகையால் பிரியுங்கள், உண்மையான அளவு அதுவரைக்கும் இருக்கலாம். 3ஐ 60ஆல் பிரித்தால் 5 வீதம். நூற்றுக்கு 5 பேர் காவிகள் என்ற நிலைமையைக்கூட உங்கள் முகாம் மறுக்கவில்லை. அதற்குக் கீழே உள்ள எந்த அளவையும் அது மறுக்கவில்லை.

இவ்வளவும், அந்தப் பூச்சியம் உண்மையான பூச்சியம் என்று வைத்துக்கொண்டு சொன்னது. அது உண்மையுமில்லை.

அந்த முகாமில் இரத்தம் கொடுத்தவர்களில் என் மாணவி ஒருத்தியும் இருந்தாள். பெற்றோர் சம்மதத்தோடு, அடையாளம் எதுவும் சொல்லாமல் எழுதுகிறேன். இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதம் மாத்திரை போட்டும் களைப்பு மாறவில்லை என்று அந்தச் சின்னத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். நாலாக மடித்து, மடிப்பில் மை அழிந்திருந்தது. ஹீமோகுளோபின் 11. சிவப்பணுவின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 64. அது 80க்குக் கீழே போனால் சிவப்பணு சிறிது என்று கொள்ளவேண்டும். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.6 மில்லியன். இரும்பில்லாமல் வாடும் உடம்பு இவ்வளவு சிவப்பணு செய்யாது. 64ஐ 5.6ஆல் பிரித்தால் 11.4. அந்த ஈவு 13க்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவியோ என்று சந்தேகிக்கவேண்டும் என்பது 1973ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்கப் பாவிக்கும் எளிய குறிப்பு. அது தீர்ப்பில்லை, சந்தேகம்தான். தகப்பன் கடன்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய், காவிகளின் இரத்தத்தில் கூடி நிற்கும் ஹீமோகுளோபின் ஏ2 வகையின் அளவைப் பார்த்தார். 5.2 வீதம் என்று வந்தது. சாதாரணமாக 3.5க்கு மேல் வராது. பிள்ளை காவி.

முகாமில் அந்த 60 பேரில் ஏ2 யாருக்குமே பார்க்கப்படவில்லை. இரத்தம் குறைந்தவர்கள் எல்லோரையும் இரும்புக் குறைவு என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். பார்க்காத ஒன்றை, இனங்காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, 60இல் 1 என்றால் 1.7 வீதம் என்று நான் இப்போது எழுதலாமா? எழுதமாட்டேன். உங்களைக் கேட்கும் நேர்மையை நானும் கடைப்பிடிக்கவேண்டும். 60இல் 1 என்றால் உண்மையான அளவு பத்தாயிரத்துக்கு 4 ஆகவும் இருக்கலாம், நூற்றுக்கு 9 ஆகவும் இருக்கலாம். அதிலிருந்து ஒன்றையும் முடிவுகட்ட முடியாது. சரியாக எண்ணவேண்டும் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியவருவது.

இதுபற்றிய கூட்டத்தில் உங்களில் ஒருவர், நாட்டின் சராசரியை வைத்தே திட்டமிடலாமே, ஊர் ஊராக எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நான் படிப்பிக்கும் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

1908இல் இங்கிலாந்தில் கணிதவியலாளர் ஹாடியும் ஜேர்மனியில் வைத்தியர் வைன்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டது மிக எளிய கணக்கு. மக்கள் எந்தத் தெரிவுமில்லாமல் எழுந்தமானமாக மணம் முடிக்கிறார்கள் என்று கொண்டால், ஒரு எதிருருவின் (பரம்பரையலகின் ஒரு வடிவத்தின்) மீடிறனை, அதாவது அது எத்தனைக்கு ஒன்றாக வருகிறது என்ற விகிதத்தை, அதனாலேயே பெருக்க, அதை இரண்டு பக்கத்தாலும் பெற்ற பிள்ளைகளின் விகிதம் வரும். நூற்றுக்கு 2 பேர் காவிகள் என்றால், எதிருருவின் மீடிறன் 100இல் 1. நோயோடு பிறக்கும் பிள்ளை 10,000இல் 1. அட்டவணையில் பார்க்க அமைதியான எண்.

ஆனால் எங்கள் ஊரில் யார் எழுந்தமானமாக மணம் முடிக்கிறார்கள்? என் தங்கை கட்டியது எங்கள் சொந்த மாமாவின் மகனை. அவள் பிறந்த அன்றே மாமி வந்து, இவள் எனக்குத்தான் என்று சொல்லிப் போனவர். தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் மச்சான் உறவுக்குள் கட்டுவது எங்களுக்கு உரிமை, காணிக்கும் பாதுகாப்பு, பெண்ணுக்கும் பாதுகாப்பு. சண்டையில் எல்லாம் இழந்து முகாமிலிருந்த காலத்தில் பெண் கொடுக்க நம்பிக்கையாக இருந்தது சொந்தம் மட்டும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, சொல்லவும் விடமாட்டேன். ஆனால் கணக்கு மாறுகிறது. உடன்பிறந்தாரின் பிள்ளைகள் கட்டினால், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே எதிருருவை அவர்களின் பிள்ளை இரண்டு பக்கத்தாலும் பெறும் நிகழ்தகவு 16இல் 1. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், அதே 2 வீதக் காவிகள் உள்ள இடத்தில், அப்படியான திருமணங்களில் நோயோடு பிறக்கும் பிள்ளை ஏறத்தாழ 1400இல் 1. ஏழு மடங்கு. காவிகளின் தொகை ஒரு ஆள்கூடக் கூடவில்லை, அப்படியேதான் இருக்கிறது.

சராசரியும் அப்படித்தான் ஏமாற்றும். மாவட்டம் முழுக்க 2 வீதம் என்று வந்தாலும், பாதி ஊர்களில் 4 வீதமும் மீதி ஊர்களில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஊருக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் இடத்தில், சராசரி மாறாமலே நோயோடு பிறக்கும் பிள்ளைகள் இரண்டு மடங்காவார்கள். இது என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சையில் செய்யக்கூடிய கணக்கு.

2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இலங்கையில் 703 நோயாளரையும் 1600 பாடசாலைப் பிள்ளைகளையும் பரிசோதித்தது. தலசீமியாவை உண்டாக்கும் 23 வகை விகாரங்களை, அதாவது பரம்பரையலகு மாற்றங்களை, கண்டது. அவை நாட்டில் சமனாகப் பரவியிருக்கவில்லை என்று அப்போதே தெளிவாகச் சொன்னது. எந்த நேரத்திலும் 2000க்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை தேவைப்படும், அதற்கான செலவு சுகாதார வரவுசெலவுத் திட்டத்தின் 5 வீதமளவுக்கு வரும் என்றும் மதிப்பிட்டது. சமனில்லாத ஒன்றுக்குச் சராசரியை எடுத்து எங்கள் தலையில் வைக்கமுடியாது. எங்களுக்குப் பக்கத்துக் கடலிலுள்ள மாலைதீவில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் காவி. தீவுக்குத் தீவு, ஊருக்கு ஊர் இது மாறும்.

ஏன் மாறுகிறது என்பதும் தெரிந்ததே. தலசீமியாக் காவிகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு; அதனால்தான் மலேரியா நாடுகளில் இந்தப் பரம்பரையலகு அழியாமல் நின்றது என்று 1949இல் ஹால்டேன் முன்வைத்த கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் பலமாக்கின. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. எங்கள் பெரியவர்கள் பட்ட பாடு அந்த அறிவிப்போடு முடிந்தது. அவர்கள் இரத்தத்தில் இருந்தது முடியவில்லை. உலர்வலயத்தில், குளமும் காடும் சூழ, தலைமுறை தலைமுறையாகக் குளிர்காய்ச்சலோடு வாழ்ந்த மாவட்டம் இது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர், குச்சவெளி என்று எந்தப் பழைய ஆளைக் கேட்டாலும் குயினைன் கசப்பைச் சொல்வார்கள். தேடிப் பார்க்கவேண்டிய இடம் எது என்று கேட்டால் விரல் எங்களைத்தான் காட்டும்.

பணமில்லை என்பீர்கள். கணக்குப் பாருங்கள். முழு இரத்தக் கலக் கணக்கெடுப்பு எல்லோருக்கும், அதில் எம்.சி.வி. 80க்குக் கீழே அல்லது எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவிலுள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் ஏ2. இந்த இரண்டு படி முறையால் விலை கூடிய பரிசோதனை ஒரு பகுதியினருக்கே தேவைப்படும். இன்னொரு பக்கத்தில், ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் ஏற்றும் ஒவ்வொரு பைக் குருதியிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடம்புக்குள் போகிறது. உடம்பு தானாக வெளியேற்றக்கூடியது ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை எடுக்க ஆயுள் முழுக்க மருந்து வேண்டும்.

இப்போது தங்கையின் மகனுக்கு அதற்கென்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை கிடைக்கிறது. முந்தி, இரும்பை எடுக்கும் டெஸ்பெரல் மருந்தை ஊசியால் தோலுக்கடியில் செலுத்தும் பம்பு. வாரத்தில் ஐந்து இரவு, ஒவ்வொரு இரவும் பத்து மணித்தியாலம். ஏழு மணிக்குத் தங்கை மருந்துத் தூளைக் கரைத்து ஊசிக்குழாயில் நிரப்பத் தொடங்கினால் அவன் தானாகவே சேர்ட்டை உயர்த்திக்கொண்டு பாயில் வந்து படுப்பான். வயிற்றில் நேற்றுக் குத்திய இடம் கல்லுப்போல் இருக்கும். தங்கை விரலால் தடவித் தடவி மெத்தென்ற இடம் தேடுவாள். ஐந்து வயதில் அவனே இடம் காட்டுவான்: “அம்மா, இதில நோகாது.” பம்பைச் சின்னத் துணிப்பைக்குள் போட்டு இடுப்பில் கட்டி விடுவாள், புரளாமல் நேராகப் படுத்து நித்திரை கொள்ளப் பழகியிருந்தான். இன்றைக்கும் நேராகத்தான் படுக்கிறான்.

தங்கையும் மச்சானும் காவிகள் என்று கல்யாணத்துக்கு முன் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்களுடைய முடிவு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு இந்த நோய்க்கு இடமுண்டு என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இனிக் கட்டப்போகும் எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் விடப்போகிறீர்களா?

இனி நாங்கள் கேட்பது.

இங்கே இந்த நோய் அரிது என்ற முடிவை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். எண்ணாதவரையில், இம்மாவட்டத்தின் காவி அளவு இதுவரை அளக்கப்படவில்லை என்று உங்கள் ஆவணங்களில் எழுதுங்கள். அது போதும், அது உண்மை.

மாவட்டம் முழுவதற்கும் ஒரு முறையான மாதிரிக் கணக்கெடுப்பை நடத்துங்கள். 2000 பிள்ளைகளாவது வேண்டும். அந்த அளவில் உண்மை 2 வீதமாக இருந்தால் விடை பெரும்பாலும் 1.4க்கும் 2.6க்கும் இடையில் விழும். திட்டமிட அது காணும். நகரத்து இரண்டு பெரிய பாடசாலைகளில் ஆயிரம் ஆயிரமாக எடுக்கவேண்டாம். அண்ணன் தம்பியும் ஒரே ஊரவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அவர்களை எண்ணினால் ஒரே குடும்பத்தைப் பலமுறை எண்ணியதாகிவிடும். 50 பாடசாலைகளில் 40 பேர் எடுங்கள். 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் வரவேண்டும்: கிண்ணியாவும் வெருகலும் கோமரங்கடவலையும் பதவி ஸ்ரீபுரவும் எல்லாமும். மூன்று இனத்துப் பிள்ளைகளும் வரவேண்டும். கரையோர வேடர் சமூகம்போலச் சிறிய சமூகங்களிலிருந்து, அவர்களுடைய பெரியவர்களோடு முதலில் பேசிச் சம்மதம் பெற்று, விகிதத்துக்கு மேலதிகமாக எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பெரிய எண்ணுக்குள் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

எம்.சி.வி. குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏ2வும் இரும்பின் அளவும் சேர்த்துப் பாருங்கள். இரும்புக் குறைவு ஏ2வையும் கொஞ்சம் கீழே இறக்கிவிடும் என்பதால், இரும்பு குறைந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்துச் சரியாக்கிய பிறகு மறுபடி பாருங்கள். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கணக்கை மூடாதீர்கள். அந்த முகாமுக்கு வந்த 60 பிள்ளைகளில் எம்.சி.வி. குறைந்திருந்தவர்களை இந்தத் தவணைக்குள்ளேயே திரும்ப அழையுங்கள். என் மாணவியின் தகப்பனைப்போல மற்றவர்களால் கொழும்புக்குப் போக முடியாது.

வெளிமாவட்ட நிலையங்களில் குருதி ஏற்றும் எங்கள் பிள்ளைகளை, தாய் பிறந்த ஊர், தகப்பன் பிறந்த ஊர், பெற்றோரின் உறவுமுறை என்பவற்றோடு, நிரந்தர விலாசத்தின்படி எண்ணித் தாருங்கள் என்று அந்த நிலையங்களைக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் தருவார்கள். தாய்மார் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

முடிவுகளைப் பொத்திப் பாதுகாருங்கள். காவிக்கு நோயில்லை, அவர் ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் இரத்தத்தில் குறை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஒரு பெண்ணின் சம்பந்தம் நின்றுபோகும். அதுவும் பெண்ணுக்குத்தான் நடக்கும், ஆணுக்கு நடக்காது. ஆகையால் வகுப்பில் பெயர் வாசிக்கவேண்டாம், அதிபரின் மேசையில் பட்டியல் வைக்கவேண்டாம். ஒட்டிய கடித உறையில் பெற்றோர் கையில் கொடுத்து, தமிழிலோ சிங்களத்திலோ அவர்களுக்கு விளங்கும் மொழியில் அரை மணித்தியாலம் இருந்து விளக்கக்கூடிய ஒருவரை நியமியுங்கள். எங்கள் குடும்ப நல உத்தியோகத்தர்கள் இதைச் செய்வார்கள். ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பெயர்களை நீக்கிய எண்களைப் பிரிவு பிரிவாக எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.

கணக்கெடுப்பு முடியும்வரை காத்திராமல், திருகோணமலையிலேயே பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு நாள் குருதி ஏற்றவும், ஏ2 மாதிரிகளை எடுத்து அனுப்பவும் ஒழுங்கு செய்யுங்கள். நாலு கட்டில் காணும். தாய்க்கு இருக்க ஒரு கதிரையும் வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர்களாக நாங்கள் வருகிறோம். மாதிரியைத் தெரிவுசெய்வதற்கும், படிவம் நிரப்புவதற்கும், பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கும் பாடசாலை விடுமுறையில் சம்பளமில்லாமல் வேலை செய்வோம். அடுத்த தவணை தொடங்குமுன் எங்களைக் கூப்பிட்டு ஒரு நாள் தாருங்கள். புளியங்கொட்டைப் பையையும் கொண்டுவருகிறேன். உங்கள் பதில் எழுத்தில், திகதியோடு வேண்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.